கைத்துப்பாக்கி லைசென்சுக்குப் போகும் வணிகர்கள் கவனத்துக்கு

நமது சங்கத்தின் சென்ற மாதச் செயற்குழு முடிந்து காப்பி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, மந்தைவெளியில் மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் போனார். "அண்ணாச்சி, நீங்க லைசென்ஸ் வச்சிருக்கீங்களே, எந்தத் துப்பாக்கி நல்ல துப்பாக்கி? ஒண்ணு வாங்கிரலாம்னு இருக்கேன்" என்றார். தை மாதத்தில் அவருடைய மகன் அடையாறு, திருவான்மியூர் பக்கம் வசூல் முடித்துக்கொண்டு இரவு பத்தரை மணிக்குத் திரும்பும்போது, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் மடக்கிக் கத்தியைக் காட்டிப் பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். பணம் போனது ஒருபுறம் இருக்க, பையனின் முழங்கையில் ஏழு தையல். தகப்பன் மனம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"யாருக்கு வாங்கப் போறீங்க?" என்று கேட்டேன். "என் பேர்ல எடுத்து, வசூலுக்குப் போறப்ப அவன்கிட்ட குடுத்து அனுப்பலாம்னு" என்றார்.

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அவர் மட்டுமல்ல, இதுவரை என்னிடம் கேட்ட நாலைந்து பேரும் இதே எண்ணத்தில்தான் இருந்தார்கள். கடைக்கு ஒரு தராசு, கடைக்கு ஒரு பிரிட்ஜ் என்பது போல, கடைக்கு ஒரு துப்பாக்கி என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில் துப்பாக்கி லைசென்ஸ் கடைக்குக் கொடுக்கப்படுவதில்லை, ஆளுக்குக் கொடுக்கப்படுகிறது. தகப்பன் பெயரில் உள்ள துப்பாக்கி மகன் இடுப்பில் இருந்தால், மகன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தவர் ஆகிறார். 2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதம் வேறு. கொடுத்து அனுப்பிய தகப்பன் மீதும் வழக்கு வரும், லைசென்சும் போகும். பணத்தைப் பறித்தவன் பிடிபடாமல் போனாலும் போகலாம், இவர்கள் இருவரும் உறுதியாக உள்ளே போவார்கள். லைசென்ஸ்தாரர் சார்பில் ஆயுதம் வைத்திருக்க வேறொருவரின் பெயரை லைசென்சிலேயே சேர்க்க ஒரு வழி உண்டு. அதற்கும் அதிகாரியின் அனுமதியும் விசாரணையும் வேண்டும். வாய்மொழியாகக் கொடுத்து வாங்கும் விஷயம் இல்லை.

ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது, பணத்தோடு தெருவில் நடப்பவர் யார் என்பது. விண்ணப்பம் அவர் போட வேண்டும், பயிற்சிக்கு அவர் போக வேண்டும், துப்பாக்கி அவருடைய கைக்கும் கண்ணுக்கும் பொருந்த வேண்டும். எது நல்ல துப்பாக்கி என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

சட்ட விபரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது நடைமுறையில் உள்ளது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட சட்டம் இருந்தது. விண்ணப்பம், பயிற்சி முதலான நடைமுறைகள் எல்லாம் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் உள்ளன. சென்னை மாநகரில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு. அலுவலகம் 2013-லிருந்து வேப்பேரியில் உள்ளது. பழைய நினைப்பில் எழும்பூருக்குப் போய் அலைய வேண்டாம். மற்ற மாவட்டங்களில் கலெக்டர். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். படிவம் ஏ-1-ல் விண்ணப்பம், எஸ்-2-ல் ஆயுதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழி, எஸ்-3-ல் டாக்டர் சர்டிபிகேட். டாக்டர் சர்டிபிகேட்டில் மனநிலை பற்றியும் போதைப் பழக்கம் பற்றியும் குறிப்பாகப் பார்க்கிறார்கள். பிறகு உங்கள் எல்லைக்குட்பட்ட போலீஸ் நிலைய விசாரணை. தொழிலின் தன்மை காரணமாக உயிருக்கோ உடைமைக்கோ பாதுகாப்பு உண்மையாகத் தேவைப்படுபவர் என்று விதியிலேயே ஒரு வகை சொல்லப்பட்டிருக்கிறது. வணிகர்கள் அந்த வகையில் கேட்கலாம். கேட்பதாலேயே கிடைத்துவிடாது. பணப் போக்குவரத்து எவ்வளவு, மிரட்டலோ வழிப்பறியோ நடந்திருந்தால் அதன் எப்.ஐ.ஆர்., வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு ஆகியவற்றை நான் இணைத்திருந்தேன். மந்தைவெளி நண்பர் மகனிடம் எப்.ஐ.ஆர். நகல் இருக்கிறது, அது பெரிய பலம்.

இனி எஸ்-1. துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளவும் சுடவும் பயிற்சி முடித்ததற்கான சர்டிபிகேட் இது. இது இல்லாமல் லைசென்ஸ் இல்லை. 2016-க்கு முன் லைசென்ஸ் எடுத்த பெரியவர்களில் பலர் ஒரு தோட்டாகூடச் சுடாமல் வாங்கியவர்கள். இப்போது அப்படி முடியாது. கையாளும் முறை, எடுத்துச் செல்லும் முறை, சுடும் முறை, துப்பாக்கியையும் தோட்டாவையும் பராமரிக்கும் முறை, பூட்டி வைக்கும் முறை எல்லாம் இந்தப் பயிற்சியில் அடக்கம். யாரிடம் பயிற்சி பெற்றால் செல்லும் என்பதை விண்ணப்பம் வாங்கும்போதே கமிஷனர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியில் ஒருவர் "நான் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன்" என்று சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பயிற்சி நடக்கும்போது உங்களிடம் லைசென்ஸ் இருக்காது. ஆகவே சொந்தத் துப்பாக்கியும் இருக்காது. அங்கே உள்ள துப்பாக்கியைத்தான் சுடுவீர்கள். எதைக் கையில் எடுப்பது என்று தேர்வு செய்யும் வாய்ப்புக் கிடைத்தால், அங்கேதான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். நானும் செய்தேன்.

2018-ல் நான் பயிற்சிக்குப் போன இடத்தில் மேஜை மேல் இரண்டு தினுசு வைத்திருந்தார்கள். ஒன்று .32 ரிவால்வர், பழைய போலீஸ் படங்களில் வருவது போல, சற்றுக் கனமாக, அழகில்லாமல். இன்னொன்று கருப்பு நிறத்தில் தட்டையான .32 பிஸ்டல். சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாது என்று தோன்றியது. பிஸ்டலைத்தான் எடுத்தேன். பத்து மீட்டர் தூரத்தில் அட்டை. முதல் ஐந்து தோட்டாவில் அட்டையில் பட்டது ஒன்று, அதுவும் ஓரத்தில். நடுவில் ஒருமுறை காலித் தோட்டா வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. கை தளர்ந்து பிடித்தால் பிஸ்டல் அப்படிச் சிக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. சுட்டு முடித்ததும் கீழே உள்ள மேகஸினை உருவி எடுத்துவிட்டு, காலியாகிவிட்டது என்று நினைத்துப் பிஸ்டலை மேஜையில் வைத்தேன். அதன் வாய் பக்கத்தில் நின்ற இளைஞரின் வயிற்றுக்கு நேராக இருந்தது. பயிற்சி கொடுத்தவர் ஓய்வு பெற்ற ராணுவ சுபேதார். ஒன்றும் பேசாமல் பிஸ்டலை எடுத்து அட்டைப் பக்கம் திருப்பி, மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்தார். உள்ளிருந்து ஒரு முழுத் தோட்டா துள்ளி மேஜை மேல் விழுந்து உருண்டது. "ஐயா, கல்லாவில் உள்ள பணத்தை எண்ணிவிட்டுச் சட்டைப் பையில் உள்ளதை மறந்துவிட்டீர்கள்" என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பிஸ்டலில் மேகஸினை எடுத்தாலும் குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கும். வீட்டில் துடைக்கும்போது வெடித்தது என்று செய்தியில் படிக்கிறோமே, அதில் பல இந்த ஒரு தோட்டாதான்.

ரிவால்வரில் இந்தக் குழப்பம் குறைவு. திறந்தால் சிலிண்டரில் ஆறு துளை. ஆறும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்த்துவிடலாம். சிக்கிக்கொள்வதும் குறைவு. தோட்டா ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி டிரிக்கரை இழுத்தால் அடுத்த துளை வந்து நிற்கும். ஐம்பதுக்கு மேல் வயதானவர்களுக்கு ஸ்லைடை இழுக்க விரலில் பலம் போதாது, அது வேறு. இரண்டாம் நாள் நான் ரிவால்வரைக் கேட்டு வாங்கினேன். பத்தில் எட்டு அட்டையின் நடு வட்டத்தில் விழுந்தது.

இதில் திறமை ஒன்றும் இல்லை. கனம்தான் காரணம். துப்பாக்கி கனமாக இருந்தால் சுடும்போது உதைப்பது குறையும், முனை ஆடுவது குறையும். குழல் நீளமாக இருந்தால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி அதிகமாகி, குறி பார்ப்பது சுலபமாகிறது. பிடி முழுக்கை கொள்ளும்படி இருந்தால், சுண்டு விரல் காற்றில் தொங்காமல் பற்றிக்கொள்ளும். சின்னத் துப்பாக்கி சுமக்கச் சுகம், சுடக் கஷ்டம். தேர்வுக்குப் போகிறவர்கள் இருப்பதில் பெரியதை, கனமானதை, கையில் நன்றாக உட்காருவதை எடுக்க வேண்டும். வாங்கும்போதும் அதை ஒட்டியே வாங்க வேண்டும்.

என் மைத்துனர் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் கடை வைத்திருக்கிறான். அங்கே மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்சுக்கு 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். 3 கஜம், 7 கஜம், 15 கஜம் என்று மூன்று தூரம். மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் தேர்ச்சி. 2021 செப்டம்பரிலிருந்து அந்த மாநிலத்தில் பெரும்பாலோருக்கு லைசென்ஸ் இல்லாமலே எடுத்துச் செல்ல அனுமதி வந்துவிட்டது என்றாலும், லைசென்சும் தேர்வும் இன்னும் இருக்கின்றன. அவன் சொன்னது: தேர்வுக்கு நண்பனுடைய பெரிய துப்பாக்கியைக் கடன் வாங்கிப் போய் ஜம்மென்று தேறிவிடுவார்கள், பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவது உள்ளங்கை அளவு சின்னத் துப்பாக்கி. அதில் ஒரு தோட்டாகூடச் சுட்டிருக்க மாட்டார்கள். வேன் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் எடுத்துவிட்டு லாரி ஓட்டப் போவது போன்றதுதான் இதுவும். நமது ஊரில் தூரமும் எண்ணிக்கையும் வேறாக இருக்கலாம், இந்தச் சபலம் ஒன்றேதான். எந்தத் தினுசை வாங்கப் போகிறீர்களோ அந்தத் தினுசைப் பயிற்சியில் கேட்டு வாங்கிச் சுடுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு, இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சுடும்போது தெளிவாகத் தெரிய வேண்டியது அட்டை இல்லை, முன்குறி. அது நீட்டிய கை தூரத்தில், சுமார் இரண்டடியில் இருக்கிறது. நம் வயதில் போடும் இரட்டைக் கண்ணாடியில் மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி கணக்கு நோட்டுக்கு. இரண்டடி இரண்டிலும் சேராது. முன்குறியைத் தேடித் தலையை மேலும் கீழும் ஆட்டிக் கொண்டிருப்போம். கண் டாக்டரிடம் கை நீட்டும் தூரத்துக்கு, அதாவது கம்ப்யூட்டர் பார்க்கிற தூரத்துக்கு, ஒரு கண்ணாடி எழுதி வாங்கிக்கொண்டால் முன்குறி ஊசி போலத் தெரியும். அட்டை சற்று மங்கலாக இருக்கும். இருக்கட்டும்.

டிரிக்கர் விஷயம். ரிவால்வரை இரண்டு விதமாகச் சுடலாம். கட்டை விரலால் ஹாமரைப் பின்னால் இழுத்து வைத்துவிட்டுச் சுட்டால் டிரிக்கர் லேசாக நகரும், குறி தவறாது. இழுக்காமல் நேரடியாக டிரிக்கரை அழுத்தினால், அதுவே ஹாமரைத் தூக்கிச் சிலிண்டரைச் சுற்றி அடிக்கும். இழுவை நீளம், கனம் அதிகம், முனை ஆடும். நிதானமாகச் சுடச் சொல்லும் சுற்றில் ஹாமரை இழுத்துச் சுட அனுமதி கேளுங்கள். ஆனால் தெருவில் ஆபத்து வந்தால் ஹாமரை இழுத்துக் கொண்டிருக்க நேரம் இருக்காது, இழுத்த ஹாமரோடு கை நடுங்கினால் வேண்டாதபோது வெடிக்கும். ஆகவே இரண்டாவது முறையையும் பழகாமல் வந்துவிடக் கூடாது. பழக தோட்டாவே வேண்டாம். பயிற்சியாளர் முன்னிலையில், மருந்தில்லாத போலித் தோட்டாவைப் போட்டு, முன்குறி ஆடாமல் டிரிக்கரை நூறு தடவை இழுத்தால், அது ஐம்பது தோட்டா சுட்டதற்குச் சமம்.

இனி வாங்குவது. நமக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் .32-தான். போலீசும் ராணுவமும் உபயோகிக்கும் 9 மில்லிமீட்டர் போன்ற அளவுகள் தடை செய்யப்பட்டவை, நம் போன்றவர்கள் கேட்டுப் பயனில்லை. "உறவுக்காரர் ஒருவரிடம் 9 மில்லிமீட்டர் இருக்கிறது, மலிவாகத் தருகிறார்" என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். தடை செய்யப்பட்ட ஆயுதத்துக்குத் தண்டனை இன்னும் கடுமை.

நெடுங்காலமாக நமக்குக் கிடைத்து வந்தது அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கிகள். 2021 அக்டோபர் 1-ல் ஆர்டினன்ஸ் பேக்டரி போர்டு கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது. துப்பாக்கித் தொழிற்சாலைகள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கம்பெனியில் சேர்ந்தன, நமது திருச்சித் தொழிற்சாலையும் அதில்தான் இருக்கிறது. தோட்டா செய்யும் தொழிற்சாலைகள் பூனாவில் உள்ள வேறொரு கம்பெனியின் கீழ் வந்தன. கான்பூர் .32 ரிவால்வர் ஆறு தோட்டா, நடுவில் மடித்துத் திறக்கும் மாதிரி. 2014-ல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற லேசான ரிவால்வரைக் கொண்டுவந்தார்கள். டைட்டானியம் கலந்த உலோகம், எடை சுமார் அரைக் கிலோ, அன்றைய விலை 1,22,360 ரூபாய். அதன்பின் 'நிடர்' என்று .22 அளவில் கால் கிலோ எடையில் ஒன்று வந்தது. 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற .32 ரிவால்வர் வந்தது. எடை சுமார் 700 கிராம், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும், 50 மீட்டர் வரை சுடும் என்று சொல்லி விற்றார்கள். பிஸ்டலில் ஈசாப்பூர் தொழிற்சாலையின் 'அஷானி'. வெளிநாட்டு வெப்லி அண்ட் ஸ்காட் பெயரில் உத்தரப்பிரதேசத்தில் சண்டிலா என்ற ஊரில் .32 ரிவால்வர் செய்யத் தொடங்கினார்கள். பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு ஒருவர் கைமாறும்போது சொல்லும் விலை நம் கொள்முதல் புத்தியில் ஏறாது. அது மோகத்துக்குக் கொடுக்கும் விலை.

என் அபிப்பிராயம்: முதல்முறை வாங்கும் வணிகருக்கு 700 கிராம் பக்கம் எடையுள்ள .32 ரிவால்வர் போதும். அரைக் கிலோவுக்குக் கீழே போனால் இடுப்புக்குச் சுகம், கைக்குத் தண்டனை. 50 மீட்டர் சுடும் என்பதில் நமக்கு ஒன்றுமில்லை. ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்பவன் நம்மிடம் வழிப்பறி செய்வதில்லை, அவனைச் சுட்டால் நாம்தான் குற்றவாளி. விலைப்பட்டியலைக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், நான் எழுதினால் இதழ் அச்சாகி வருவதற்குள் மாறியிருக்கும். லைசென்ஸ் கைக்கு வருமுன் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

தோட்டாவில் ஒரு பொறி இருக்கிறது. ரிவால்வருக்கும் .32 என்கிறோம், பிஸ்டலுக்கும் .32 என்கிறோம், இரண்டும் ஒன்றல்ல. ரிவால்வர் தோட்டா 1896-லிருந்து வருவது. நீளமானது, அடியில் விளிம்பு நன்றாக வெளியே நீட்டியிருக்கும், குண்டு 98 கிரெய்ன். பிஸ்டல் தோட்டா 1899-ல் பெல்ஜியத்தில் பிரவுனிங் என்பவரின் பிஸ்டலுக்காக வந்தது, 7.65 மில்லிமீட்டர் என்றும் எழுதியிருக்கும், கட்டையானது, குண்டு 71 கிரெய்ன். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் பெயரில் பருப்புதான், சாம்பாருக்கு எது என்று தெரிந்துதானே வாங்குகிறோம். பெட்டி மேல் எழுதியிருப்பதையும், துப்பாக்கிக் குழல் மேல் பொறித்திருப்பதையும், லைசென்சில் எழுதியிருப்பதையும் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். ஒரே சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்ற இரண்டு எண்ணும் லைசென்சில் இருக்கும். வாங்கும் ஒவ்வொன்றும் பதிவாகும். நம் ஸ்டாக் ரிஜிஸ்டர் போல நீங்களும் தனியாக ஒரு சிட்டை வையுங்கள், சுட்டதற்குத் தேதி, இடம், எண்ணிக்கை.

தோட்டா பழசாகும் சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. சென்னைக் காற்று அதற்கு எதிரி, கடற்கரை ஓரம் பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் இன்னும் மோசம். பித்தளை மேல் பச்சை பூத்திருந்தால் அந்தத் தோட்டாவைத் தேர்வுக்கும் எடுக்காதீர்கள், தற்காப்புக்கும் நம்பாதீர்கள். தோல் உறையில் செருகியே மாதக்கணக்கில் வைத்திருந்தால் தோலில் உள்ள பதப்படுத்தும் சரக்கு பச்சை பூக்க வைக்கும். துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று தோட்டாவுக்கு எண்ணெய் தடவுவதும் தவறு. எண்ணெய் உள்ளே இறங்கி மருந்தைக் கெடுத்துவிடும். உப்பு மூட்டை இருக்கும் கிடங்கில் வைக்காதீர்கள். உலர்ந்த டப்பாவில் போட்டு, துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். முதலில் வாங்கியதை முதலில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும், நாம் பருப்புக்குச் செய்வதைப் போல. தேர்வில் சுடுவதற்கு முந்தைய பயிற்சியில் எந்தக் கம்பெனி, எந்த எடைக் குண்டு சுட்டீர்களோ அதையே கேளுங்கள். குண்டின் எடை மாறினால் அட்டையில் விழும் இடம் மேலே கீழே மாறும்.

டிரிக்கரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், உடனே திருப்பி உள்ளே எட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. கூடாது. வாயை அட்டைப் பக்கமே வைத்து அரை நிமிஷம் பொறுத்து, இன்னொரு கையை உயர்த்திப் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு. வெடிச் சத்தம் வழக்கத்தைவிடச் சின்னதாக, 'புஸ்' என்று வந்தாலும் நிறுத்திவிடுங்கள். குண்டு குழலிலேயே நின்றிருக்கும். மேலே இன்னொன்று சுட்டால் குழல் பிளந்துவிடும்.

வாங்கிய பிறகு எடுத்துச் செல்லும் முறை. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ அதற்கென்று உள்ள பையிலோ இருக்க வேண்டும் என்று 2016 விதி சொல்கிறது. எடுத்துக் காட்டுவது, ஆட்டுவது, வானத்தைப் பார்த்துச் சுடுவது தடை. கல்யாண ஊர்வலத்தில் சந்தோஷத்துக்குச் சுடுவதற்கு 2019 திருத்தத்தில் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். டிரிக்கரை முழுவதும் மூடும் உறையாக இருக்க வேண்டும். வேட்டி மடிப்பில் செருகுவதும், ஸ்கூட்டர் டிக்கியில் போடுவதும், கல்லாப்பெட்டியில் சில்லறைக்குப் பக்கத்தில் வைப்பதும் நம்மவர்கள் செய்வது. கடைப்பையன் ஒரு நாள் கல்லாவைத் திறப்பான். லைசென்ஸ் புத்தகம் கூடவே இருக்க வேண்டும், அதில் தேசியப் பதிவு எண் ஏறியிருக்க வேண்டும், எந்த மாநிலம் வரை செல்லும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் 5 ஆண்டு, ஒருவருக்கு இரண்டு ஆயுதம் வரைதான். தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் நிலையத்திலிருந்து தகவல் வரும். ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வையுங்கள், நான் 2019-லும் 2021-லும் 2024-லும் கொடுத்து வாங்கினேன்.

எப்போது சுடலாம் என்பது தனிக் கட்டுரைக்குரியது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தற்காப்பு உரிமை முன்பு போலவே இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. கல்லாவில் கைவிட்டு எடுத்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. மந்தைவெளிப் பையனுக்கு நடந்தது போல ஆயுதத்தைக் காட்டி உயிருக்குப் பயம் உண்டாக்கிப் பறிப்பது வேறு. அதிலும் ஒன்று யோசிக்க வேண்டும். கத்தி முழங்கையில் இறங்கும்போது, உறையில் பூட்டிய ரிவால்வரை எடுக்க எத்தனை விநாடி ஆகும்? நான் பயிற்சியில் பார்த்தபோது எனக்கு ஆறு விநாடி.

நண்பரும் மகனும் போன வாரம் என் கடைக்கு வந்தார்கள். பையனுக்கு வயது 24. ஏ-1 படிவத்தை மேஜையில் விரித்து இதையெல்லாம் சொன்னேன். பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெரியப்பா, வசூல் கடைக்காரங்க எல்லாரையும் போன்லயே பணம் போடச் சொல்லிட்டா நான் எதைத் தூக்கிட்டு வரப் போறேன்?" என்றான். தகப்பனார், "பழைய பாக்கிக்காரன் எவனும் போன்ல போட மாட்டான்டா, நேர்ல போய் நின்னாத்தான் தருவான்" என்றார். இருவர் சொல்வதும் உண்மைதான். என் வசூலில் முக்கால்வாசி இப்போது வங்கிக்கே நேராகப் போய்விடுகிறது. மீதிக்குப் பகல் நேரத்தில், இரண்டு ஆளாக, வழி மாற்றிப் போகச் சொல்லியிருக்கிறேன். லைசென்ஸ் எடுத்து ஆண்டுகள் ஆன பின்னும், சுடுதளத்துக்கு வெளியே நான் அதை உறையிலிருந்து எடுத்ததில்லை. பையன் படிவத்தை மடித்துக் கொண்டு போயிருக்கிறான். பயிற்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

அப்படிப் போகிற உறுப்பினர்களுக்கு: கழுத்து மூடிய சட்டை போடுங்கள், பிஸ்டலிலிருந்து தெறிக்கும் காலித் தோட்டா சுடச்சுடக் காலருக்குள் விழும். செருப்பு வேண்டாம், ஷூ. காதடைப்பான் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியை மறக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குண்டில் உள்ள ஈயம் கையில் ஒட்டியிருக்கும்.

படிவம் நிரப்புவதில் சந்தேகம் உள்ளவர்கள் செவ்வாய், வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில் என்னைச் சந்திக்கலாம். யாருடைய பெயரில் லைசென்ஸ் வேண்டுமோ அவரையே நேரில் அழைத்து வரவும்.